மானாவாரி உளுந்துக்கு அடியுரம்: டிஏபியா, சூப்பர் பாஸ்பேட்டா?

கேள்வி (கரிசல்_2ஏக்கர்): விளாத்திகுளம் பக்கம், சுண்ணாம்பு ஓடிய கரிசல். புரட்டாசிப் பட்டத்தில் 2 ஏக்கர் உளுந்து. ஏக்கருக்கு ஒரு மூட்டை (50 கிலோ) டிஏபி, அதாவது டைஅமோனியம் பாஸ்பேட், போடச் சொல்கிறார் உரக்கடைக்காரர். பயறுக்கு உரமே வேண்டாம் என்கிறார்கள் ஊரில். மழை ஏமாற்றினால் போட்டதெல்லாம் வீண். எதைக் கேட்பது?

மண்வாசி: இரண்டு பேச்சும் சரியில்லை. மானாவாரி உளுந்துக்குப் பரிந்துரை ஏக்கருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 5, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 10, சாம்பல்சத்து (பொட்டாசியம்) 5, கந்தகம் 4 கிலோ. ஒரு மூட்டை டிஏபியில் மணிச்சத்தே 23 கிலோ வந்துவிடும், கந்தகம் துளியும் கிடையாது. சூப்பர் பாஸ்பேட் 62 கிலோ போட்டால் மணிச்சத்தோடு கந்தகமும் தேவைக்கு மேலேயே கிடைக்கும். கூடவே யூரியா 11, பொட்டாஷ் 8 கிலோ. டிஏபிதான் கிடைக்கிறது என்றால் 22 கிலோவோடு நிறுத்தி, கந்தகத்துக்கு ஜிப்சம் 25 கிலோ சேருங்கள்; யூரியா 2 கிலோ போதும்.

சுண்ணாம்பு மண் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் சூப்பரை 300 கிலோ தூள் தொழுவுரத்தோடு கலந்து, லேசாக ஈரம் காட்டி, ஒரு மாதம் நிழலில் குவித்து மூடி வைத்த பிறகு போடுங்கள். யூரியாவையும் பொட்டாஷையும் விதைக்கும் அன்று சேர்த்தால் போதும். மேலே வீசினால் காய்ந்த மண்ணில் கிடக்கும், வேர் தொடாது. உழவு சாலில், விதைக்கு இரண்டு விரல் கீழே உரம் விழவேண்டும். யூரியா விதையை ஒட்டினால் முளைப்பு போச்சு.

வேர்முடிச்சு: விதை நேர்த்தியை விட்டுவிட்டீர்களே! 8 கிலோ விதைக்கு ரைசோபியம் (வேர் முடிச்சில் இருந்து காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்), பாஸ்போபாக்டீரியா (மண்ணில் கட்டுண்ட மணிச்சத்தைக் கரைத்துத் தரும் நுண்ணுயிர்) தலா ஒரு 200 கிராம் பொட்டலம். ஆறிய கஞ்சியில் கலந்து நிழலில் அரைமணி உலர்த்தி உடனே விதைக்கணும். பூஞ்சாணக்கொல்லி போடுவதானால் முந்தின நாளே போட்டுவிடுங்கள்.

விதைத்த 25, 30 நாளில் நாலைந்து செடியை மண்ணோடு தோண்டி, வேர் முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. வெள்ளையோ பச்சையோ என்றால் முடிச்சு இருந்தும் பயனில்லை.

கரிசல்_2ஏக்கர்: நன்றிங்க. பூக்கும்போது டிஏபி கரைசல் அடிக்கலாமா? போன பட்டத்தில் இலை மஞ்சளித்தது, அதற்கும் சேர்த்து?

மண்வாசி: அடிக்கலாம், மண்ணில் ஈரம் இருந்தால். 4 கிலோ டிஏபியை 10 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, தெளிவை மட்டும் வடித்து 200 லிட்டராக்கி, ஒரு ஏக்கருக்கு மாலையில் அடிங்க. வண்டல் கலந்தால் நாசில் அடைக்கும். 15 நாள் கழித்து இன்னொரு முறை. செடி வாடி நிற்கும்போது அடித்தால் இலை கருகும். வேளாண் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் என்ற தெளிப்புச் சத்துக்கலவை (ஏக்கருக்கு 2 கிலோ) வாங்கினால் அதைத் தனியாக அடிங்க, டிஏபியோடு கலக்க வேண்டாம்.

மஞ்சளுக்கு முதலில் காரணம் பாருங்க. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சை: இரும்புக் குறை, இந்த மண்ணில் சகஜம். 1 சதம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) தெளிப்பு கேட்கும். அடி இலை வெளுத்தால் தழைச்சத்துக் குறை. ஒரே இலையில் பளிச்சென்று மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாக இருந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். எந்த உரமும் கேட்காது. ஆரம்பத்திலேயே அந்தச் செடிகளைப் பிடுங்கிப் புதைக்கணும்.