லண்டன்–பாரிஸ்: வானத்தில் முக்கால் மணி நேரம், மீதியெல்லாம் தரையில்

லண்டனிலிருந்து பாரிஸுக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று யாரைக் கேட்டாலும் ஒன்றேகால் மணி நேரம் என்பார்கள். அதை நம்பித்தான் சித்தியிடம் "காலைச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டேன். நான் இருப்பது ஈஸ்ட்ஹாமில், சித்தி பாரிஸை ஒட்டிய லா கூர்னேவில். நகருக்கு நகர் நேர்கோட்டில் ஏறத்தாழ 344 கிலோமீட்டர். "கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போற தூரம்தானே" என்றார் சித்தி.

காலை 5 மணிக்கு வீட்டைப் பூட்டினேன். ஈஸ்ட்ஹாம் கிழக்கே, ஹீத்ரோ மேற்கே. லண்டனையே குறுக்காகக் கடக்க வேண்டும். 8 மணி விமானம் ஓடுபாதை வரிசையில் நின்று மேலே கிளம்பியபோது 8.20. தேநீர் ஆறுவதற்குள் கோப்பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். முக்கால் மணி நேரத்தில் சார்ல்ஸ் து கோல் விமான நிலையத்தில் தரை தொட்டாயிற்று. அப்புறம் கால் மணி நேரம் தரையிலேயே உருண்டோம். டிக்கெட்டில் போடும் நேரம் இந்த உருளலையும் சேர்த்துத்தான்.

கடவுச்சீட்டு வரிசை முடிந்து ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயிலில் ஏறினேன். தவறு முழுக்க என்னுடையது, பலகையைப் பார்க்கவில்லை. அது இடையில் எங்கும் நிற்காமல் பாரிஸுக்குள் இருக்கும் கார் து நோர் ஸ்டேஷனுக்குப் போகும் வண்டி. சித்தியின் ஸ்டேஷன் ஜன்னலில் சர்ரென்று பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பி வந்து கதவைத் தட்டியபோது பாரிஸ் நேரம் 12.15. லண்டன் கணக்கில் 11.15. ஆக ஆறேகால் மணி நேரம்! இட்லி ஆறிப்போயிருந்தது.

சித்தியோ என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "வரும்போது 8 மணிக்கு ஏறி 10.20க்கு இறங்குறாய். போகும்போது 6 மணிக்கு ஏறி 6.20க்கு இறங்குறாய். என்ன, போற வழி இறக்கமோ?" என்றார். பாரிஸ் ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது என்று விளக்கினேன். சிரித்தார், ஆனால் முழுசாக நம்பின மாதிரித் தெரியவில்லை.

அடுத்த முறை ரயில்தான். ஈஸ்ட்ஹாமிலிருந்து லண்டனின் செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷனுக்கு ஒரே வண்டி. அங்கிருந்து பாரிஸ் போகும் யூரோஸ்டார் ரயிலில் இரண்டேகால் மணி நேரம் சொச்சம். பிரெஞ்சுக் கடவுச்சீட்டுச் சோதனையும் லண்டனிலேயே முடிந்துவிடும். லண்டனில் 6 மணிக்குக் கிளம்பி பாரிஸ் நேரம் 11.50க்குப் போய்விட்டேன், ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை. கடலுக்கடியில் 38 கிலோமீட்டர் போகிறோம் என்று காத்திருந்து பார்த்தால், வெறும் இருட்டு.

மறுமொழி: ஹீத்ரோவுக்குப் பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். எனக்கு விமானம்தான் வசதி. ஆனால் பாரிஸிலிருந்து திரும்பும்போது ஒருமுறை லண்டனுக்கு மேலே இறங்க இடம் கிடைக்காமல் 20 நிமிடம் வட்டமடித்தோம். பறந்த நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த வட்டத்துக்கே போயிற்று.

மறுமொழி: ஐயா, நான் இரவு பஸ்ஸில் போகிறவன். டோவரில் கப்பலில் ஏற்றி, கலேயில் இறக்கி, விடியும்போது பாரிஸ். ஒன்பது மணி நேரம். முதுகு போய்விடும். ஆனால் மிச்சமாகும் காசில், பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் இரண்டு கொத்துரொட்டி.