மட்டமான சுறாப் படம் பார்த்து ரசித்த கதை இருந்தால் சொல்லுங்கள், மும்பைக்காரர்களே

செம்பூர்ச் செல்வி:
'ஷார்க்நேடோ' முதல் பாகம், 2013. சூறாவளி சுறாக்களை அள்ளி வந்து ஊருக்குள் போடும் கதை, எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். தூத்துக்குடியிலிருந்து அம்மா வந்திருந்த நேரம். தம்பி டிவியில் போட்டுவிட்டான், அம்மா கீழே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஹீரோ மரம் அறுக்கும் மெஷினோடு, பறந்து வரும் சுறாவின் வாய்க்குள் பாய்வானே, அப்போதுதான் நிமிர்ந்தாள். சுறா பொத்தென்று விழுகிறது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் வயிற்றைக் கிழித்துக்கொண்டு மெஷின் வருகிறது, பின்னாலேயே ஹீரோ வருகிறான், மறுபடி உள்ளே கைவிட்டு ஒரு பெண்ணையும் இழுத்துப் போடுகிறான். நாங்கள் விசிலடிக்கிறோம். அம்மா மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஏட்டி, இத்தாம் பெரிய சுறாவுல ஈரலைக் காணலியே?" என்றாள்.

வாழ்நாள் பூரா சுறா கழுவியவள். வெந்நீரில் போட்டு, உப்புத்தாள் போலச் சொரசொரக்கும் தோலை உரித்து, புட்டுக்கு உதிர்த்தவள். பறக்கிற சுறாவை அப்படியே ஒத்துக்கொண்டாள், ஈரல் இல்லாததை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் போனில் கேட்கிறாள்.

தாராவித் தம்பிதுரை:
அம்மா கேட்டது நியாயம்தான் அக்கா. சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது, எண்ணெய் நிறைந்த ஈரல்தான் அதை மிதக்க வைக்கிறது. ஆனால் 'ஷார்க்நேடோ' கணக்கிலேயே வராது. தெரிந்தே மட்டமாக எடுத்த படத்தைப் பார்த்துச் சிரிப்பதில் என்ன இருக்கிறது? சீரியஸாக எடுக்கப் போய் கவிழ்ந்தானே, அதில்தான் சுகம். 'ஜாஸ்' நான்காம் பாகம், 1987. குடும்பப் பகை வைத்துக்கொண்டு கதாநாயகி அம்மாவைத் தேடி பஹாமாஸ் வரைக்கும் சுறா போகும்! போதாததற்குக் கர்ஜிக்கும். தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டி, சிங்கம் மாதிரி. சுறாவுக்குக் குரல் நாணே இல்லை சாமி.

நைன்ட்டி ஃபீட் ரோடு பக்கம் எங்கள் மாடி ரூமில், கேபிளில் பார்த்தது. சித்தப்பா அரைத் தூக்கத்தில் இருந்தார். கர்ஜனை கேட்டதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து, படிக்கட்டில் நாய் ஏறிவிட்டதா என்று தேடினார். நாங்கள் டிவியைக் காட்டினோம். திரையில் சுறா, வாயைப் பிளந்தபடி. "மீனா கத்துச்சு?" என்று கேட்டவர் அப்புறம் தூங்கவே இல்லை, முழுப் படத்தையும் பார்த்தார்.

அதில் நடித்த மைக்கேல் கெய்ன், படத்தை நான் பார்த்ததில்லை, படுமோசம் என்று கேள்விப்பட்டேன், ஆனால் அந்தப் பணத்தில் கட்டிய வீட்டைப் பார்த்திருக்கிறேன், அருமையாக இருக்கிறது என்று சொன்னவர். அவர்தான் மனுஷன்.

முலுண்ட் மூர்த்தி:
நானும் என் மனைவியும் இரண்டு தலைச் சுறா படம் ஒன்று பார்த்தோம். நன்றாக இருந்தது.

இளைஞர்களுக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். இந்த வகைப் படத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள், மொபைலில் பார்க்கவே பார்க்காதீர்கள். தமிழ் டப்பிங் கிடைத்தால் அதையே போடுங்கள், உதடு ஒரு பக்கம் வசனம் ஒரு பக்கம் போவதும் சேர்த்தியே. சாப்பாட்டை முன்னாடியே முடித்துவிடுங்கள், இல்லையென்றால் பொங்கல், வடை என்று எழுந்து போகிறவர் நல்ல இடத்தைத் தவறவிடுவார். நடுவில் லாஜிக் பேசுகிறவரைக் கூப்பிடாதீர்கள். முதல் ஐந்து நிமிஷத்தில் யாரும் கடிபடவில்லை என்றால் படத்தை மாற்றிவிடலாம்.

முக்கியமாக, 1975 'ஜாஸ்' படத்தை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். இயக்குநர் ஸ்பீல்பெர்க்குக்குச் செய்து கொடுத்த இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி படுத்துவிட்டது. அதனால்தான் சுறாவைக் காட்டாமலே, இசையையும் மஞ்சள் பீப்பாய்களையும் வைத்துப் பயமுறுத்தினார். நாம் பேசும் மட்டமான படங்களில் சுறாவுக்குப் பஞ்சமே இல்லை, போஸ்டரிலேயே முழு உடம்பும் வந்துவிடும். எத்தனை தடவை சுறா தெரிகிறதோ அத்தனைக்கு அத்தனை படம் மட்டம். தேர்ந்தெடுக்க இந்த ஒரு விதி போதும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் சத்தத்தைக் குறைத்து வைக்கவும்.

தாராவித் தம்பிதுரை:
மூர்த்தி சார், அனுபவம் கேட்டார்கள், நீங்கள் கோச்சிங் கிளாஸே எடுத்துவிட்டீர்கள்.

மலாட் மணி:
கிராபிக்ஸைக் கிண்டலடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் பிழைப்பே அந்த வேலைதான். சுறா செய்வது சுலபம், தண்ணீர்தான் ஆளைக் கொல்லும். பாயும்போது உடம்பிலிருந்து தண்ணீர் வழியணும், நுரைக்கணும், விழும்போது தெறிக்கணும், அலைமேல் நிழல் விழணும். இத்தனைக்கும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு முடிக்க நேரம் ஆகும், நேரம் என்றால் காசு. காசில்லாதவன் என்ன செய்வான்? சுறாவை வானத்தில் பறக்கவிடுவான். சூறாவளிக்குள் சுறா என்பதே பட்ஜெட் போட்டவனின் யோசனையோ என்று எனக்குச் சந்தேகம். தம்பிதுரை அண்ணே, தெரிந்தே எடுப்பதற்கும் மூளை வேண்டும்.

ராத்திரி ஷிப்டில், ரெண்டர், அதாவது கம்ப்யூட்டர் போடும் அந்தக் கணக்கு, ஓடிக்கொண்டிருந்தபோது, 'ஷார்க்நேடோ' எடுத்த அதே அஸைலம் கம்பெனி 2009-இல் எடுத்த 'மெகா ஷார்க் வெர்சஸ் ஜயன்ட் ஆக்டோபஸ்' படத்தில் அந்தத் துண்டைப் போட்டோம். கடலிலிருந்து எம்பி, பறக்கிற விமானத்தைச் சுறா கவ்வுமே, அதுதான். ஒவ்வொரு ஷாட்டையும் தலையைச் சொறிந்துகொண்டே திருப்பி அனுப்பும் எங்கள் சீனியர் பின்னால் வந்து நின்றது தெரியாது. "பின்னாடி போ" என்றார். போனோம். மறுபடி பார்த்தார். ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தச் சொல்லிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். "இதை ஓகே பண்ணினவன் யாருடா? அவன்கிட்ட வேலைக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சயான் சரவணன்:
மணி சொன்னதற்கு ஒரு ஆமாம். ஆனால் 'ஷார்க்நேடோ'வில் என்னை உறுத்தியது வேறு. தெருவில் வெள்ளம், வீட்டுக்குள் தண்ணீர், அதற்குள் சுறா. ஒரு ஷாட்டில் புயல், அடுத்த ஷாட்டில் பளிச்சென்று வெயில். 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழையைப் பார்த்த ஊர் நம்முடையது. எங்களிடமா வெள்ளம் காட்டுகிறாய் என்று படம் பூரா கத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாளே சரியான மழை. ஹிந்த்மாதா பக்கம் இடுப்பு வரை தண்ணீர், பையைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக நடக்கிறோம். எதிரே, தண்ணீருக்கு மேலே, கறுப்பாக, முக்கோணமாக ஒன்று நேராக என்னை நோக்கி வருகிறது. பாதி முழுகிய குடை என்று மூளைக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போய்க்கொண்டிருந்த மராட்டிக்காரர் தோளைப் பிடித்துத் தொங்கிவிட்டேன். அவர் குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஷார்க்நேடோ?" என்றார்.