1966 எம்ஜிபி ஜிடிக்குப் பழைய ஏசி பாகங்கள்: எவற்றை நம்பி வாங்கலாம்?

கேள்வி (பச்சை ஜிடி)

வணக்கம். என்னிடம் 1966ஆம் ஆண்டின் எம்ஜிபி ஜிடி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று இருக்கிறது. 1,798 சிசி எஞ்சின், டைனமோ, ஒயரிங் எல்லாம் முதலில் வந்தபடியே உள்ளன. பின்கதவின் பெரிய கண்ணாடி வழியாக வெயில் நேராக உள்ளே இறங்குவதால், பகலில் வண்டியை எடுக்கவே தயக்கமாக இருக்கிறது. இந்த மாடலுக்குத் தயாரிப்பாளர்கள் ஏசி பொருத்தியதே இல்லை என்பதால், எந்த வண்டியின் பாகம் இதற்குச் சேரும் என்று கேட்டால் நேரான பதில் கிடைப்பதில்லை.

காயலான் கடை ஒன்றில் வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு ஏசி கம்ப்ரஸர்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, பிராக்கெட்டோடு கழற்றிய பழைய யார்க்; மற்றது, சிறிய கார் ஒன்றிலிருந்து கூலிங் காயில் பெட்டியோடு வந்த சான்டன். எதை எடுப்பது? அதே வண்டியின் கண்டென்சர் (சூட்டை வெளியேற்றும், ரேடியேட்டர் போன்ற பாகம்), டிரையர், ஓஸ் ஆகியவற்றையும் சேர்த்து வாங்கிவிடலாமா?

பதில் 1 (புல்லிக்காரன்)

யார்க்கை விட்டுவிடுங்கள். நிமிர்ந்து நிற்கும் இரண்டு சிலிண்டர் கொண்ட அது கனமானது. ஓடும்போது எஞ்சினையும் சேர்த்து உலுக்கும். (தனக்கென எண்ணெய்த் தொட்டி வைத்திருப்பதால், காட்டுப்பாதையில் ஜீப் ஓட்டுபவர்கள் டயருக்குக் காற்றடிக்க அதைத் தேடி வாங்குகிறார்கள், அவர்களுக்கே அது பொருத்தம்.)

சான்டனின் உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டைத் துடைத்துப் படியுங்கள். எஸ்டி505 என்றிருந்தால் கொள்ளளவு 87 சிசி, எஸ்டி508 என்றிருந்தால் 138 சிசி. பெரும்பாலும் இருவரே அமரும் உங்கள் வண்டிக்குச் சிறியதே போதும்; எஞ்சினின் இழுவையும் அவ்வளவாகக் குறையாது.

வாங்குவதற்கு முன் கிளட்சின் (கம்ப்ரஸரைப் புல்லியோடு இணைத்துப் பிரிக்கும் மின்காந்தப் பாகம்) முன்தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கம் சீராக இருக்க வேண்டும். நறநறவென்று ஓரிடத்தில் சிக்கினால் வேண்டாம். எண்ணெய் ஊற்றும் திருகைக் கழற்றி, வெள்ளைத் துணி ஒன்றின் நுனியை உள்ளே விட்டு எடுங்கள். எண்ணெய் தெளிவாக இருந்தால் நல்லது. கருத்திருந்தாலோ, வெளிச்சத்தில் மினுக்கும் பொடி தெரிந்தாலோ, அது உள்ளுக்குள் தேய்ந்து முடிந்த கம்ப்ரஸர் என்று பொருள். புல்லி வி-பெல்ட்டுக்கானதா, பல கோடுகள் கொண்ட தட்டை பெல்ட்டுக்கானதா என்பதையும் பாருங்கள்; உங்கள் எஞ்சினுக்கு முதல் வகையே வேண்டும்.

பதில் 2 (இருபத்திரண்டு ஆம்ப்)

மேலே சொன்னது சரிதான், ஆனால் கம்ப்ரஸரைத் தேடுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் வண்டியின் லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர்தான் தரும், அதுவும் எஞ்சின் வேகமாக ஓடும்போது. கிளட்ச் காயிலுக்கு மட்டுமே மூன்று, நான்கு ஆம்பியர் போய்விடும். அதோடு பிளோயரும் (உள்ளே காற்றை ஊதும் விசிறி) கண்டென்சர் விசிறியும் சேர்ந்து, இரவில் முகப்பு விளக்குகளும் எரிந்தால், பேட்டரிதான் மிச்சத்தைச் சுமக்கும். ஆகவே ஆல்டர்னேட்டர் கட்டாயம்.

இன்னொன்று, உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடம்போடு இணைந்திருக்கும். எம்ஜிபி நெகட்டிவ் எர்த்துக்கும் ஆல்டர்னேட்டருக்கும் மாறியது 1967இன் இறுதியில்தான். காயலான் கடையில் கிடைக்கும் ஏசி பாகங்களோ பெரும்பாலும் நெகட்டிவ் எர்த் வண்டிகளிலிருந்து வந்தவை. அப்படியே இணைத்தால் பிளோயர் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். உருளை விசிறி என்பதால் காற்று அப்போதும் வரும், ஆனால் பலவீனமாக வரும், காரணம் புரியாமல் காயிலைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். கிளட்ச் காயிலுக்குத் திசை பொருட்டல்ல என்றாலும், அதன் குறுக்கே டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) இருந்தால் பியூஸ் போகும்.

பதில் 3 (பழைய குளிர்)

டிரையரைப் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள். அதனுள் இருக்கும் மணிகள் ஈரத்தை உறிஞ்சுவதற்கானவை. குழாய் வாய் திறந்தபடி கிடந்த டிரையர் அந்த வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டிருக்கும். ஓ-ரிங், ஓஸ் ஆகியவையும் புதிதாகவே இருக்கட்டும். பழைய கண்டென்சரை நான் எடுக்க மாட்டேன். முன்பு ஏசியில் பயன்பட்ட ஆர்12 கேஸுக்காகச் செய்யப்பட்ட பழைய குழாய்–தகடு வகை, அதற்குப் பதிலாக வந்த ஆர்134ஏ கேஸின் கூடுதல் அழுத்தத்தைச் சமாளிக்கத் திணறும். பிற்கால இணையோட்ட வகையோ (பல மெல்லிய குழாய்களில் ஒரே நேரத்தில் கேஸ் ஓடுவது), ஒருமுறை அழுக்கேறிவிட்டால் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது. கிரில்லின் பின்னால் உள்ள இடத்தை அளந்து, அதில் அடங்கும் பெரிய அளவில் புதியதை வாங்குங்கள்.

எண்ணெயையும் மாற்ற வேண்டும். ஆர்12 காலத்து மினரல் ஆயில் ஆர்134ஏ கேஸோடு கலந்து ஓடாது, கம்ப்ரஸர் வறண்டுவிடும்.

பச்சை ஜிடி

அனைவருக்கும் நன்றி. இன்று போய்ப் பார்த்தேன். தகட்டில் எஸ்டி508 என்று இருந்தது, கையால் சுற்றியபோது சீராகவே சுற்றியது; ஆனால் துணியின் நுனி மை தொட்டது போல் கருத்து வந்தது. அதனால் கம்ப்ரஸரை அங்கேயே விட்டுவிட்டுக் கூலிங் காயில் பெட்டியை மட்டும் வாங்கி வந்தேன்.

பழைய குளிர்

அந்தப் பெட்டியும் அதே கம்ப்ரஸரோடுதான் ஓடியிருக்கிறது என்பதால், கருப்பு அதற்குள்ளும் போயிருக்கலாம். எக்ஸ்பான்ஷன் வால்வைக் (காயிலுக்குள் போகும் கேஸின் அளவைக் கட்டுப்படுத்துவது) கழற்றி எறிந்துவிட்டு, காயிலுக்குள் கழுவும் திரவத்தை இரு பக்கமிருந்தும் மாற்றி மாற்றிச் செலுத்தி, வெளியேறுவது தெளிவாகும் வரை கழுவுங்கள். தெளியவே இல்லை என்றால் பெட்டியையும் பிளோயரையும் வைத்துக்கொண்டு காயிலை மட்டும் மாற்றுங்கள்.