புல்தரைப் பராமரிப்புக்கு ஆப் போட்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வீட்டு லான், ரிசார்ட் லான், கஞ்சிக்கோட்டில் சில கம்பெனி வளாகங்கள் என்று மாதக் காண்ட்ராக்டில் எடுத்துச் செய்கிறோம். வாட்ஸ்அப் குரூப்பும் டைரியுமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, யார் எந்த இடத்துக்குப் போனார், எந்த வீட்டுக்கு பில் போகவில்லை என்பதெல்லாம் மாதக் கடைசியில் உட்கார்ந்து தேடினால்தான் தெரியும். அதை மாற்றிய கதையை எழுதுகிறேன், மற்றவர்களும் எழுதுங்கள்.

முதலில் ஜாபர், யார்ட்புக் என்று லான் வேலைக்காரர்களுக்கான வெளிநாட்டு ஆப் இரண்டையும் பார்த்தோம். இந்தத் தொழில் தெரிந்தவர்கள் செய்தது என்று பார்த்ததுமே புரியும், ஆளை அனுப்புவதிலிருந்து பில் வரை ஒரே இடத்தில் முடிகிறது. ஆனால் அவர்கள் ஊரில் சீசன் தொடங்கினால் வாரம் ஒரு வெட்டு என்று போட்டுவிட்டுப் போய்விடலாம், இங்கே அப்படியா? ஜூனில் மழை பிடித்தால் நெம்மாறை, கொல்லங்கோடு பக்கம் எருமைப்புல் அடுத்த வாரமே கணுக்காலைத் தொடும். அதே வாரம் எங்கள் பக்கம் மழை மறைவில் ஸ்பிரிங்க்ளர் போட்டுக்கொண்டிருப்பார்கள். இத்தனைக்கும் எல்லாம் ஒரே பாலக்காடு மாவட்டம்!

அதனால் கூகுள் ஷீட்டில் இடத்துக்கு ஒரு வரி போட்டு, அதன் மேல் ஆப்ஷீட்டில் (கோடு எழுதாமல் ஷீட்டையே ஆப்பாக மாற்றித் தரும் கூகுள் கருவி) ஆப் கட்டினோம். புல் வகை, மழைக்கால இடைவெளி, வெயில்கால இடைவெளி, கடைசியாக வெட்டிய தேதி, கேட் சாவி யாரிடம், நாய் உண்டா. (பையன்கள் முதலில் பார்ப்பது நாய் பற்றிய கட்டம்தான்.) கடைசி தேதியோடு இடைவெளியைக் கூட்டி அடுத்த தேதியை அதுவே காட்டும், மழையில் ஒரு இடம் நின்றுபோனால் அந்த வரி மட்டும் தள்ளும், மற்றது அசையாது. சிக்னல் இல்லாத தோட்டத்திலும் போனில் பதிந்துகொள்ளும், ரோட்டுக்கு வந்ததும் ஏறிவிடும்.

பரப்பளவு விஷயத்தில் கறாராக இருங்கள். பத்து சென்ட் என்பார்கள், சென்டுக்கு 435.6 சதுர அடி என்று பெருக்கினால் வீடு, கார் நிற்கிற இடம், கிணற்றடி எல்லாம் சேர்ந்து வரும். கூகுள் எர்த்தில் புல் இருக்கிற இடத்தை மட்டும் சுற்றிக் கோடு போட்டு வரும் கணக்கைத்தான் ஷீட்டில் ஏற்றுகிறோம். ரேட் பேசும்போது அந்தப் படத்தையே காட்டிவிடுவோம், அப்புறம் பேரம் குறைவு.

கும்மிடிப்பூண்டி ரோடு:
அண்ணே, நாங்கள் தடா தாண்டி ஆந்திராவில் இருக்கிற ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தில் செய்கிறோம். எங்களுக்கு மழைக்கணக்கு நேர்மாறு, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான் மெஷின் ஓயாது. ஆனால் ஆப்பால் எங்களுக்கு வந்த லாபம் பில்லில்தான். எங்கள் ஜிஎஸ்டி பதிவு தமிழ்நாடு, மாநிலக் குறியீடு 33. ஆந்திரா 37. அதனால் சாதாரண கம்பெனிக்கு ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் செய்யும் வேலைக்கான வரி) 18 சதவீதம், அதே ஸ்ரீசிட்டியில் எஸ்இஇசட் (சிறப்புப் பொருளாதார மண்டலம்) எல்லைக்குள் இருக்கிற கம்பெனிக்கு, எல்யூடி என்கிற உறுதிமொழிக் கடிதம் ஜிஎஸ்டியில் கொடுத்து இருந்தால் வரியே போடாமல் பில் அனுப்பலாம். ஜோஹோ புக்ஸ் என்கிற கணக்கு ஆப்பில் வரியை வேலைக்கு என்று வைக்காமல் வாடிக்கையாளருக்கு என்று வைத்தபிறகுதான் மாதக் கடைசித் தலைவலி போனது. எல்யூடி ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகப் போட வேண்டும், மார்ச்சிலேயே காலண்டரில் மணி அடிக்கிற மாதிரி வையுங்கள்.

இன்னொன்று, போட்டோ. ஒரு கம்பெனியில் நீங்கள் சரியாக வரவே இல்லை என்று சொல்லி பணத்தை நிறுத்திவிட்டார்கள். தேதி, நேரம், இடம் விழுந்த படங்களை எடுத்து வைத்ததும் சூப்பர்வைசர் ஒன்றும் பேசவில்லை. வெட்டுமுன் ஒன்று, வெட்டியபின் ஒன்று, இரண்டும் ஒரே மூலையில் நின்று எடுக்க வேண்டும். படம் ஏறாமல் வேலை முடிந்ததாக ஆப் ஒத்துக்கொள்ளாது, அப்படி அமைத்திருக்கிறோம். பையன்களில் பாதிப் பேருக்குத் தமிழ், பாதிப் பேருக்குத் தெலுங்கு, டைப் அடிக்கச் சொன்னால் நடக்காது. பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், அவ்வளவுதான்.

செங்கோட்டை மாமா:
நானும் மச்சினனும் மட்டும்தான் தம்பி, இவ்வளவு பெரிய ஏற்பாடு எங்களுக்கு எதற்கு? வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் போட்டுக்கொள்கிறேன், பில்லுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஜோஹோ இன்வாய்ஸ். நம்ம தென்காசி மத்தளம்பாறையில் ஜோஹோ ஆபீஸ் இருப்பதில் ஒரு பெருமையும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மெஷினுக்கு ஒரு பக்கம் ஒதுக்காத ஆப் எனக்கு வேண்டாம். பிளேடு தீட்டிய தேதி எனக்குத் தெரிய வேண்டும். மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாது, கிழிக்கும். ரெண்டு நாளில் நுனி காய்ந்து லானே வெளுத்துத் தெரியும், வீட்டுக்காரம்மா உரம் போதவில்லை என்பார்.

பொள்ளாச்சி தம்பி:
சார், நான் இப்போதுதான் ஆரம்பிக்கிறேன், எல்லையில் கோபாலபுரம் தாண்டி கேரளாவிலும் ஒன்றிரண்டு வீடு வருகிறது. கேரளாவில் வேலை செய்தால் ஜிஎஸ்டி எடுத்தே ஆகணும் என்கிறார்களே?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சரக்கு விற்பவர்களுக்கான பேச்சு அது, தம்பி. சேவைக்கு எல்லாம் சேர்த்து வருஷம் 20 லட்சம் தாண்டும்வரை மாநிலம் விட்டு மாநிலம் செய்தாலும் கட்டாயமில்லை. செடி, புல் பாய், உரம் என்று தனியாக பில் போட்டு விற்கத் தொடங்கினால் மட்டும் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள். ஷீட்டில் மாநிலத்துக்கு ஒரு கட்டம் இப்போதே வைத்துவிடு, பின்னால் சேர்ப்பது பெரிய வேலை. எங்கள் ஷீட்டின் நகல் வேண்டுமென்றால் சொல், வாடிக்கையாளர் நம்பரெல்லாம் நீக்கிவிட்டு அனுப்புகிறேன்.