புதுப்பிப்பு: சதுப்பில் மின்கோபுரம், மீன்பிடிப் பூனைக் கணக்கெடுப்பு

இலங்கையின் முத்துராஜவெல போன்ற சதுப்பில் மின்கம்பிப் பாதைக்கு முன் ஆய்வு செய்வோருக்கு, விலங்கு கடந்தால் தானே படமெடுக்கும் கமராவை 60 சென்ரிமீற்றர் உயரத்தில் கட்டச் சொல்லியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். மீன்பிடிப் பூனைக்கு 30 முதல் 40 போதும்; உயரக் கட்டினால் அது உணரிக்குக் கீழால் போய்விடும். மழைக்கு நீர் ஏறும், ஆகவே தாழ்ந்த இடத்தை விட்டு வரம்பில் கட்டுங்கள். நீர் எதுவரை ஏறும் என்பதற்கு மரத்தில் உள்ள பழைய நீர்க்கறையே அளவுகோல்.

லென்ஸ் வடக்கோ தெற்கோ பார்க்கட்டும். முன்னால் இரண்டு மீற்றருக்குப் புல்லை அரியுங்கள். காற்றில் ஒரு தண்டு ஆடினாலே மெமரி கார்ட் வெறும் புல்லால் நிரம்பும்.

பறவைக் கணக்கை ஜூலையில் மட்டும் எடுக்கவே கூடாது. வலசைப் பறவைகள் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் இங்கே. கம்பியில் மோதிச் சாகக்கூடியவை அவையும்தான். அந்த மாதங்கள் இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.