குறைப்பிரசவத்தைப் பரிசோதனை முன்கூட்டியே சொல்லிவிடுமா?

வெண்ணிலா:
என் தங்கைக்கு இது தலைப்பிரசவம், 19 வாரம். இரத்தத்தில் ஐபிபி4, எஸ்எச்பிஜி என்ற இரண்டு புரதங்களின் விகிதத்தைப் பார்த்து, 37 வாரத்துக்கு முன்பே குழந்தை பிறந்துவிடுமா என்று அமெரிக்காவில் கணிக்கிறார்களாம். எடுத்துப் பார்த்துவிடலாமா?

கணக்கன்:
வேண்டாம். இதற்கு முன்பு இப்படிக் கொண்டாடப்பட்ட புரதம் ஃபைப்ரோநெக்டின். அமெரிக்காவில் தலைச்சூல் பெண்கள் 9,410 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. தானாக வலி கண்டு முன்கூட்டியே பெற்றவர்களில், 22 முதல் 30 வாரத்துக்குள் எடுத்த சோதனை காட்டிக்கொடுத்தது நூற்றுக்கு எட்டுப் பேரைத்தான். மற்றவர்களிடம் ‘பயமில்லை’ என்றல்லவா சொல்லியிருக்கும்?

மல்லிகை:
கணக்கு சரி, கேள்விதான் தவறு. அது வலியே இல்லாதவர்களிடம் எடுத்தது. நான் லண்டனில் மருத்துவச்சி. சென்ற மாதம் 31 வாரத்தில் ஒரு பெண் வந்தாள். வளைகாப்பு வளையல்களைக்கூடக் கழற்றவில்லை. வலி எழும்போதெல்லாம் கட்டில் கம்பியில் அவை உரசின. பனிக்குடத்தைக் கருப்பையோடு ஒட்டவைக்கும் பசைதான் ஃபைப்ரோநெக்டின். பசை விட்டால் கீழே கசியும். பஞ்சுக்குச்சியால் பத்து விநாடி ஒற்றியெடுத்தோம். பத்து நிமிடத்தில் முடிவு, கவலைப்பட வேண்டிய எல்லையான 50 நானோகிராமுக்கு வெகு கீழே. வெறும் சூட்டுவலி. ஊசியும் இல்லை, ஆம்புலன்ஸில் வேறு மருத்துவமனைக்கு அலைச்சலும் இல்லை. ‘இப்போது வராது’ என்று சொல்வதில் அது கெட்டி.

கணக்கன்:
‘வரும்’ என்று சொன்னால்? அவர்களிலும் பெரும்பாலோர் அடுத்த வாரமும் வயிற்றோடுதான் நடமாடுகிறார்கள். தடுக்கத்தான் என்ன இருக்கிறது? 2011இல் அனுமதித்த புரோஜெஸ்டின் ஊசிக்கு (கருவைத் தாங்கும் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோனின் செயற்கை வடிவம்) பலன் நிரூபணமாகவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023இல் அனுமதியைத் திரும்பப் பெற்றுவிட்டது. பரிகாரம் இல்லாத ஜாதகம் எதற்கு?

மல்லிகை:
ஊசி போனது, உள்ளே வைக்கும் புரோஜெஸ்ட்ரோன் மாத்திரை போகவில்லை. கருப்பைவாய் நீளம் 25 மி.மீ.க்குக் குறைந்தவர்களுக்கு அதுதான் கைகொடுக்கிறது. பிறந்தே தீரும் என்றால் குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு, ஒரு நாள் இடைவெளியில் இரண்டு ஊசி. முதல் ஒரு வாரத்தில்தான் பலன் அதிகம். அப்படியிருக்க, நாள் பார்த்துப் போட வேண்டாமா? வெண்ணிலா, இரத்தப் பரிசோதனையை விடுங்கள். 20 வார ஸ்கேனின்போது கருப்பைவாய் நீளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். வயிற்றின் மேல் வைத்து அல்ல, உள்வழியாக.

வெண்ணிலா:
வியாழக்கிழமை ஸ்கேன். கேட்டுவிடுகிறேன், அக்கா.

கணக்கன்:
அளக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. 25க்கு மேல் வந்துவிட்டால் இனிக் கவலையில்லை என்று மட்டும் தங்கையிடம் சொல்லிவிடாதீர்கள். என் மனைவிக்கு 38 மி.மீ. இருந்தது. மகன் 30ஆவது வாரத்தில் பிறந்தான்.