இலகு ஃப்ளைவீல்: காரைக்குடி வீதிகளுக்கு ஒத்துவருமா?

செக்காலை வாசி: பெரியப்பா 1990களில் மலேசியாவை விட்டு ஊர் திரும்பியபோது கொண்டுவந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்.எக்ஸ்-5 (1.6 லிட்டர்) இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. கிளட்ச் மாற்றுவதற்காகக் கியர்பாக்ஸை இறக்கப்போகிறோம். அதோடு, ஏறக்குறைய 8 கிலோ எடையுள்ள பழைய ஃப்ளைவீலையும் (இன்ஜின் தண்டின் முனையில் இருந்து சுழற்சியைச் சீராக்கும் கனத்த சக்கரம்) எடுத்துவிட்டு 4 கிலோவில் ஒன்றைப் போடலாமா?

தேவகோட்டையார்: தாராளமாகப் போடுங்கள், தம்பி. அந்த வண்டியில் முதல் கியரும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து இன்ஜினின் சுழற்சியை ஏறத்தாழ 13.5 மடங்கு குறைத்துச் சக்கரத்துக்கு அனுப்புகின்றன. ஆனால் ஃப்ளைவீலின் சுமை அந்த விகிதத்தின் வர்க்கமாக, அதாவது 182 மடங்காகப் பெருகி நிற்கிறது. நீக்கும் 4 கிலோ மையத்திலிருந்து சராசரியாக 10 செ.மீ. தள்ளி இருப்பதாகவும் சக்கரத்தின் ஆரம் 29 செ.மீ. என்றும் வைத்துக்கொண்டால், முதல் கியரில் வண்டியிலிருந்து 86 கிலோவை இறக்கிவைத்ததற்குச் சமம்.

கானாடுகாத்தான்: கணக்கு சரி, அண்ணே, ஆனால் முதல் கியரோடு நிறுத்திவிட்டீர்கள். நான்காம் கியரில் மொத்த விகிதம் 4.3 மட்டுமே என்பதால் அந்த 86 கிலோ 9 கிலோவாகச் சுருங்கிவிடும். குதிரைத்திறனும் துளிகூடக் கூடப்போவதில்லை. இதற்காகத் தம்பி எதை இழக்கிறார் என்று பாருங்கள். மே மாத வெயிலில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு பிள்ளையார்பட்டிக் கூட்டத்தில் ஊர்ந்து போகும்போது, கம்ப்ரஸர் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) சரியும். கனத்த ஃப்ளைவீல் அந்தச் சரிவைத் தன் வேகத்தாலேயே தாங்கிக்கொள்ளும், இலகுவானது இன்ஜினை அணையவிட்டுவிடும். இலகு ஃப்ளைவீலோடு வந்த போர்ஷே 964 கரேரா ஆர்.எஸ். வண்டிக்கும் இந்தக் கெட்ட பெயர் உண்டு.

தேவகோட்டையார்: ஐடிலை நிமிடத்துக்கு 850 சுற்றிலிருந்து 950-க்கு உயர்த்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். மேலும், நான் போடச் சொல்வது வேகத்துக்காக மட்டும் அன்று. வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தபடியே ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது, இன்ஜின் கால் சொன்ன கணத்திலேயே ஏறிவந்து கியரோடு பொருந்தும். ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொண்டு இந்தச் சுகம் வேண்டாம் என்பவரிடம் வாதாடிப் பயனில்லை.

செக்காலை வாசி: புதிது வாங்காமல், பழையதையே இங்கே லேத்தில் கொடுத்துக் கடைந்து எடையைக் குறைத்தால் என்ன?

லேத் பட்டறைக்காரர்: அதை மட்டும் செய்யாதீர்கள், தம்பி, என் பட்டறைக்குக் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். பழையது வார்ப்பிரும்பு. 7,000 சுற்றில் மையத்திலிருந்து 13 செ.மீ. தொலைவில் இருக்கும் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 7 கிலோ எடையின் விசையோடு வெளியே இழுக்கும். கடைந்து மெலிந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் இருந்தாலே, அது தெறித்து கியர்பாக்ஸ் கூட்டைப் பிளந்துகொண்டு ஓட்டுபவரின் காலருகே வந்துவிடும். வேண்டுமென்றால் காய்ச்சி அடித்து உருவாக்கிய (ஃபோர்ஜ்டு) எஃகில் முழுதாகக் கடைந்ததை அல்லது உராயும் முகத்தில் எஃகுத் தட்டு பதித்த அலுமினியத்தை வாங்குங்கள். மாட்டுவதற்கு முன் பேலன்ஸ் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

கானாடுகாத்தான்: அவர் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. தம்பி, வீட்டில் வேறு யாரும் அந்த வண்டியை எடுப்பார்களா?

செக்காலை வாசி: நான் மட்டும்தான், ஞாயிறு காலையில் திருமயம் வரை போய்த் திரும்புவேன். ஏ.சி. வேலை செய்து பல காலம் ஆகிறது.

கானாடுகாத்தான்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு தட்டச்சு செய்திருக்க வேண்டாம். போட்டுக்கொள்ளுங்கள், ஏ.சி.யைச் சரிசெய்யும் நாளில் என்னை நினைப்பீர்கள். வாங்கும்போது கிளட்ச் அளவைக் கேட்டு வாங்குங்கள்: 1.6-க்கு 200 மி.மீ., பின்னால் வந்த 1.8-க்கு 215 மி.மீ. ஃப்ளைவீலை ஓர் அளவிலும் கிளட்சை வேறோர் அளவிலும் வரவழைத்துவிட்டால், கியர்பாக்ஸ் தரையில் கிடக்க வண்டி வாரக்கணக்கில் ஜாக்கியின் மேலேயே நிற்கும்.